தஹ்ரான் 1991: ஒரு ஸ்கட், ஒரு பேட்ரியட், செக்கனில் மூன்றிலொரு பங்கு

1991 பெப்ரவரி 25, இரவு எட்டரை தாண்டிய நேரம். சவூதி அரேபியாவின் கிழக்குக் கரையில், தஹ்ரான் விமானத்தளத்துக்குக் கிட்ட அல் கோபரில், அமெரிக்கப் படையினரைத் தங்கவைத்திருந்த ஒரு தகரக் களஞ்சியத்தின் மேல் ஈராக் ஏவிய, ஸ்கட் வகையைச் சேர்ந்த அல் ஹுசைன் ஏவுகணை விழுந்தது. 28 பேர் இறந்தார்கள். காயப்பட்டவர்கள் நூறு பேரளவில். குவைத்தைப் பிடித்த ஈராக்குக்கு எதிராக அமெரிக்கக் கூட்டணி நடத்திய அந்த வளைகுடாப் போரில் அமெரிக்கா ஒரே அடியில் இழந்த ஆகக்கூடிய உயிர்கள் இவைதான். இறந்தவர்களில் 13 பேர் பென்சில்வேனியாவில் இருந்து வந்த தண்ணீர் சுத்திகரிப்புப் பிரிவைச் சேர்ந்தவர்கள். 69 பேர் கொண்ட அந்தப் பிரிவில் இன்னும் 43 பேர் காயம். அவர்கள் சவூதிக்கு வந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

தஹ்ரானைக் காக்க பேட்ரியட் எதிர்ப்பு ஏவுகணைகள் அங்கேயே இருந்தன. அந்த ஏவுகணை வந்த திசையைப் பார்த்திருந்த அணியின் ராடர் வேலை செய்துகொண்டிருந்தது, ஆட்களும் இருக்கையில் இருந்தார்கள். ஆனாலும் அந்த அணி ஒரு ஏவுகணையைக்கூட ஏவவில்லை.

அந்த மாதம் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட வீடுகளில் ஸ்கட், பேட்ரியட் என்ற இரண்டு பெயரும் பழகிப்போயின. ஒன்று வரும், மற்றது அடித்து விழுத்தும் என்பதுதான் அன்றைய செய்திகளின் சாரம். நடந்தது அவ்வளவு சுலபமானதல்ல. எதிரி நாட்டின் ஏவுகணையை அது எவ்வளவு இடிக்கும் என்பதை மட்டும் வைத்து அளந்தால் இந்த நிகழ்வு விளங்காது. எப்போது வரும் என்று சொல்லாமல் வாரக்கணக்காக எதிர்த்தரப்பை விழித்திருக்க வைப்பதுதான் அதன் பெரிய பலம். தஹ்ரானில் உடைந்ததும் அந்த விழிப்புத்தான்.

வந்த ஏவுகணை

அல் ஹுசைன் ஈராக்கியர் புதிதாகச் செய்த ஏவுகணை அல்ல. சோவியத் ஒன்றியம் ஈராக்குக்கு விற்ற 819 ஸ்கட்-பி ஏவுகணைகளை வெட்டி ஒட்டிச் செய்தது. ஸ்கட்-பி 300 கிலோமீற்றர் போகும், ஒரு தொன்னுக்குச் சற்றுக் குறைந்த வெடிதலையைச் சுமக்கும். ஈரானுடனான போரில் அந்த நாட்டின் தலைநகரான தெஹ்ரானை (சவூதியின் தஹ்ரான் வேறு) எட்ட அந்தத் தூரம் போதவில்லை. அதனால் எரிபொருள் தாங்கிகளுக்குத் துண்டு ஒட்டி நீட்டினார்கள், வெடிதலையை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைத்தார்கள். ஆரம்பத்தில் மூன்று ஸ்கட்டைப் பிரித்து இரண்டு அல் ஹுசைன் என்ற கணக்கில் வேலை நடந்தது. தூரம் 600 கிலோமீற்றர் தாண்டியது. 1988 பெப்ரவரி கடைசியில் தெஹ்ரான் மேல் முதல் அடி விழுந்தது.

தூரத்தைக் கூட்டியதற்கு விலை இருந்தது. மூக்குப்பாரம் குறைந்ததால் ஏவுகணையின் பாரமையம் பின்னுக்குப் போனது. கூடுதல் உயரம் ஏறியதால், வடிவமைத்தவர்கள் நினைத்ததைவிடக் கூடுதல் வேகத்தில் வளிமண்டலத்துக்குள் திரும்பி வந்தது. வால் ஆட, உடல் சுழல, ஒட்டிய இடங்களில் பல முறிந்தன. துண்டு துண்டாக வரும்போது எது வெடிதலை, எது வெறும் தாங்கி என்று ராடருக்குத் தெரியாது. சுருள்சுருளாக விழும் தலையைத் துரத்துவது எதிர் ஏவுகணைக்கும் கடினம். எதிரியை ஏமாற்றப் பெரிய நாடுகள் காசு செலவழித்துச் செய்யும் வேலையை ஈராக்கின் மட்டமான ஒட்டுவேலை சும்மாவே செய்துகொடுத்தது.

குறி தப்பும் அளவும் கிலோமீற்றர்களில்தான். யாழ். கோட்டையைக் குறிவைத்தால் நல்லூர்க் கோயிலடியில் விழக்கூடிய அளவு. இப்படியான ஆயுதத்தால் ஒரு விமான ஓடுபாதையையோ கட்டளை நிலையத்தையோ தெரிந்தெடுத்து அடிக்க ஏலாது. நகரத்தைத்தான் அடிக்கலாம். நகரம் பெரியது, எங்கே விழுந்தாலும் யாரோ ஒருவரின் வீடு.

இன்னொன்றையும் எங்கள் வாசகர்கள் தெரிந்திருக்க வேண்டும். செல் குத்துற சத்தம் கேட்டதும் பங்கருக்குள் பாய்ந்து பழகிய ஊர் இது. உயர வளைந்து வரும் மோட்டார் செல் ஒலியைவிடப் பிந்தித்தான் வரும், அதனால் அந்தப் பழக்கம் உயிர்களைக் காத்தது. 600 கிலோமீற்றருக்கு அப்பால் கிளம்பி ஒலியைவிட நாலைந்து மடங்கு வேகத்தில் வரும் ஏவுகணையில் அது பலிக்காது. வெடித்த பிறகுதான் வந்த இரைச்சல் கேட்கும். காதுக்குப் பதிலாக வானத்தில் செய்மதி இருந்தது. ஏவும்போது எழும் வெப்பத்தை அமெரிக்கச் செய்மதிகள் கண்டு, தகவல் தரைநிலையங்கள் வழியாகப் போர்முனைக்கு வந்து சேரும்போது மிஞ்சியது சில நிமிடங்கள்.

ஏவியதன் நோக்கம்

ஜனவரி 17 வான்தாக்குதல் தொடங்கியது. அடுத்த நாள் அதிகாலையே ஸ்கட்டுகள் இஸ்ரேல் மேல் விழுந்தன. இஸ்ரேல் அந்தப் போரில் ஒரு தரப்பே அல்ல. சதாம் ஹுசைனின் கணக்கு எளிது: இஸ்ரேல் திருப்பி அடித்தால் எகிப்தும் சிரியாவும் அதே அணியில் நிற்க முடியாது, கூட்டணி உடையும். சுமார் 40 ஏவுகணைகள் இஸ்ரேலை நோக்கிப் போயும் அடிபட்டு நேரடியாக இறந்தவர்கள் இரண்டே பேர். மாரடைப்பிலும், நச்சுவாயு முகமூடியைப் பிழையாகப் போட்டு மூச்சுத்திணறியும் இறந்தவர்கள் அதைவிடக் கூட. வடிகட்டியின் அடைப்பைக் கழற்றாமல் முகமூடியை இறுக்கிக் கட்டியவர்களுக்கு வெளியில் ஒரு துளி நஞ்சும் இல்லாமலேயே மூச்சு நின்றது. வெடிதலையில் இரசாயனம் இருக்கலாம் என்ற பயமே அந்த உயிர்களை எடுத்தது.

இஸ்ரேலைப் பொறுத்திருக்க வைக்க அமெரிக்கா பேட்ரியட் அணிகளை அனுப்பியது, வெளியுறவுத் துறையின் இரண்டாம் நிலையில் இருந்த லோரன்ஸ் ஈகிள்பேர்கரை நேரில் அனுப்பியது, மேற்கு ஈராக்கின் பாலைவனத்தில் ஏவுவண்டிகளைத் தேட விமானங்களைத் திருப்பியது. ஸ்கட் இலக்குகளுக்கென்று ஏறத்தாழ 1,500 தாக்குதல் பறப்புகள் போயின. அவ்வளவுக்குப் பிறகும் விமானத்தால் அழிக்கப்பட்ட ஒரு நடமாடும் ஏவுவண்டியைக்கூடப் போருக்குப் பிந்திய ஆய்வுகளில் உறுதிப்படுத்த முடியவில்லை.

ஈராக்கியரின் நடைமுறை இறுக்கமானது. மறைவிடத்தில் வைத்தே எரிபொருளையும் அமிலத்தையும் நிரப்புவார்கள். முன்கூட்டியே அளந்து வைத்த புள்ளிக்கு இருட்டில் ஓட்டி வருவார்கள். காட்டிக்கொடுக்கும் ராடர், ரேடியோ அலைகளை விடமாட்டார்கள். இதனால் குறி இன்னும் மோசமானது, ஆனால் வண்டி தப்பியது. நிமிர்த்தி, ஏவி, சில நிமிடத்தில் இடத்தைக் காலி செய்துவிட்டு வீதிப் பாலங்களுக்குக் கீழும் மதகுகளுக்குள்ளும் ஒளிவார்கள். போலி ஏவுவண்டிகளும் பரப்பியிருந்தார்கள், மேலே இருந்து பார்க்கும் விமானிக்கு வித்தியாசம் தெரியாது. இந்த விமான வேட்டை ஒரு விஷயத்தைச் சாதித்தது: தொடக்கத்தில் நாளுக்கு ஐந்து என்று இருந்த ஏவுதல் பிறகு ஒன்றளவுக்கு இறங்கியது. எங்கள் கணிப்பில் தஹ்ரானுக்கு அதுவே வினையாகியது. அடிக்கடி வரும் எதிரியோடு பழகலாம். மூன்று நாளைக்கு ஒருக்கால் வருபவனுக்காக எந்நேரமும் கருவியைப் போட்டுவைக்க வேண்டும், நிறுத்தப் பயம் வரும்.

மணிக்கூடு

பேட்ரியட் முதலில் ஐரோப்பாவில் சோவியத் விமானங்களை விழுத்தச் செய்தது. ஒரு இடத்தில் சில மணித்தியாலம் நிற்கும், எதிரி கண்டுபிடிக்க முன் பிரித்துக்கொண்டு வேறிடம் போகும். போகும்போதெல்லாம் கணினி அணைக்கப்பட்டுத் திரும்பப் போடப்படும். ஒரே இடத்தில் நாட்கணக்காக ஓடும் என்று அதைச் செய்தவர்கள் எண்ணவில்லை.

அதன் ராடர் வானம் முழுவதையும் எல்லா நேரமும் உற்றுப் பார்ப்பதில்லை. ஒரு பொருள் தென்பட்டதும், அதன் வேகத்தையும் கண்ட நேரத்தையும் வைத்து, அடுத்த கணம் அது எங்கே இருக்கும் என்று கணித்து, வானில் ஒரு சிறு சாளரத்தை வரையும். அடுத்த பார்வையில் அந்தச் சாளரத்துக்குள் பொருள் இருந்தால் அது ஏவுகணை என்று உறுதி. இல்லாவிட்டால் முதல் கண்டது பொய்ச்சமிக்ஞை என்று கழித்துவிடும்.

நேரத்தைக் கணினி, போட்ட கணத்தில் இருந்து பத்திலொரு செக்கன்களாக முழு எண்ணில் எண்ணிக்கொண்டே வரும். செக்கனாக்க அந்த எண்ணைப் பத்திலொன்றால் பெருக்க வேண்டும். தசமத்தில் 0.1 என்று எழுதி முடித்துவிடலாம். கணினி பாவிக்கும், 0, 1 மட்டுமே கொண்ட இரும எண்ணில் அது 0.000110011001100… என்று முடிவில்லாமல் போகும். பேட்ரியட் கணினியில் இருந்தது 24 பிற் (இரும இலக்கம்) இடம். அதற்கு மேல் இருந்ததை வெட்டிவிட்டார்கள். வெட்டுப்பட்டது ஒவ்வொரு பத்திலொரு செக்கனுக்கும் ஏறத்தாழ 0.000000095 செக்கன்.

இப்போது கணக்குப் பாருங்கள். 100 மணித்தியாலம் என்றால் 36 இலட்சம் பத்திலொரு செக்கன். 36 இலட்சத்தை 0.000000095 ஆல் பெருக்கினால் 0.34. செக்கனில் மூன்றிலொரு பங்கு. சுவரில் தொங்கும் மணிக்கூட்டில் இதை யாரும் கவனிக்கமாட்டார்கள். செக்கனுக்கு இரண்டு கிலோமீற்றரளவில் வரும் பொருளைத் தேடும் சாளரம் இதனால் 687 மீற்றர் தள்ளிப்போய்விடும். 8 மணித்தியாலத்தில் தள்ளுவது 55 மீற்றர், அது சமாளிக்கக்கூடியது. 20 மணித்தியாலத்தில் 137 மீற்றர், அப்போதே ஏவுகணை சாளரத்துக்கு வெளியே. தஹ்ரான் அணி 100 மணித்தியாலத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. ராடர் ஸ்கட்டைக் கண்டது, அடுத்து வெறும் வானத்தைப் பார்த்தது, ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டது.

கணிதம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இரண்டு பார்வைகளின் நேரத்தையும் ஒரே அளவு பிழையோடு மாற்றியிருந்தால், ஒன்றில் இருந்து மற்றதைக் கழிக்கும்போது பிழையும் அடிபட்டுப் போகாதா? போயிருக்கும். சிக்கலே அங்கேதான். ஏவுகணைகளை எதிர்கொள்ள மென்பொருளைத் திருத்தியபோது, நேரத்தைத் துல்லியமாக மாற்றும் ஒரு சிறு நிரலைப் புகுத்தினார்கள். அதைத் தேவையான எல்லா இடத்திலும் போடவில்லை. சில இடத்தில் புதிய கணக்கு, சில இடத்தில் பழைய கணக்கு. ஒரு நேரம் சரி, மற்றது பிழை, கழித்தால் திரண்ட பிழை முழுவதும் வெளியே வரும். முழுக்கப் பழையதாகவே விட்டிருந்தால் தஹ்ரானில் இந்தப் பிழை பெரிதாகத் தெரிந்திராது.

தகவல் போன பாதை

பிழை முன்பே தெரியாமல் இருக்கவில்லை. இஸ்ரேலியர் தங்கள் பேட்ரியட்டுகளில் தரவுப்பதிவுக் கருவி பொருத்தியிருந்தார்கள். எட்டு மணித்தியாலம் தொடர்ந்து ஓடினால் சாளரம் நூற்றுக்கு இருபது பங்கு தள்ளுகிறது என்று கண்டு, பெப்ரவரி 11 அமெரிக்காவின் பேட்ரியட் திட்ட அலுவலகத்துக்குச் சொன்னார்கள். அமெரிக்கத் தளபதிகள் அந்தப் பதிவுக் கருவியைப் பொருத்த விடவில்லை. அது கணினியை நிறுத்திவிடலாம் என்று பயந்தார்கள். பாதுகாப்புக்காக எடுத்த முடிவுதான், ஆனால் தங்கள் பிழையைத் தாங்களே காணும் வழி அதனால் அடைபட்டது.

பெப்ரவரி 16 திருத்திய மென்பொருள் ஆயத்தம். பெப்ரவரி 21 களத்துக்கு ஒரு அறிவித்தல் போனது: மிக நீண்ட நேரம் ஓடினால் சாளரம் தள்ளக்கூடும், புதிய மென்பொருள் வருகிறது. மிக நீண்ட நேரம் என்றால் எத்தனை மணித்தியாலம்? சொல்லவில்லை. யாரும் அவ்வளவு நேரம் ஓட்டமாட்டார்கள் என்று திட்ட அலுவலகம் தானே நினைத்துக்கொண்டது. எட்டு என்ற எண் கையில் இருந்தும் செய்தியில் இல்லை. அணைத்துப் போட ஒன்றிலிருந்து ஒன்றரை நிமிடம்தான் எடுக்கும், எண்ணிக்கையும் பூச்சியத்துக்கு வரும், பிழையும் போய்விடும். எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அணைத்துப் போடுங்கள் என்ற ஒரு வரி போதுமாக இருந்தது.

போர்க்காலத்தில் விமானத்திலும் வீதியிலும் இடம் பிடித்து மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பெப்ரவரி 26. அடி விழுந்த அடுத்த நாள்.

தகரக் கொட்டகை

ஏவுகணை அறிவோடு வந்து அந்தக் களஞ்சியத்தைத் தேடவில்லை. கிலோமீற்றர் கணக்கில் தப்பும் ஆயுதம் தற்செயலாக விழுந்த இடத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தார்கள். நடுவே தடுப்புச்சுவர் இல்லை, மண்மூட்டை இல்லை.

நேரடி அடியைப் பங்கரும் தாங்காது, அது எல்லாருக்கும் தெரியும். பங்கர் பக்கத்தில் விழுவதற்காக. வலிகாமத்தின் பல இடங்களில் கொஞ்சம் வெட்டவே சுண்ணக்கல் வந்துவிடும். அதனால் பாதி நிலத்துக்குள், பாதி மேலே மண்மூட்டை என்றுதான் கட்டினார்கள். பனங்குற்றி அடுக்கி மேலே மண் போட்டார்கள். வாசலை ‘எல்’ வடிவில் வளைத்ததற்குக் காரணம், சன்னம் நேராகத்தான் பறக்கும், வளையாது. அதே அறிவை அல் கோபரில் வைத்திருந்தால், களஞ்சியத்தை ஆள் தோளுயர மண்மூட்டைச் சுவர்களால் ஆறேழு பிரிவாக்கியிருக்கலாம். கூரை வீழ்ந்த பக்கம் இருந்தவர்கள் தப்பியிருக்கமாட்டார்கள், மறுகோடியில் படுத்தவர்களில் பலர் தப்பியிருப்பார்கள்.

ஒரே இடத்தில் ஆட்கள் குவிவதன் விலையை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1995 ஜூலை 9 நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்த நூற்றுக்கு மேற்பட்டோர் விமானக் குண்டில் இறந்தார்கள். ஆயுதம் வேறு, குறிவைத்த விதம் வேறு. இழப்பின் தொகையைத் தீர்மானித்தது இரண்டிலும் அந்த நேரம் அந்தக் கூரைக்குக் கீழ் எத்தனை பேர் என்பதே.

கணக்குகள்

பெப்ரவரி 15 அன்று, தஹ்ரான் அடிக்குப் பத்து நாள் முன், அமெரிக்க ஜனாதிபதி புஷ் பேட்ரியட் தொழிற்சாலைக்குப் போய் 42 ஸ்கட்டில் 41 மறிக்கப்பட்டன என்று அறிவித்தார். மறித்தல் என்றால் அருகே போய் வெடித்தது என்ற அளவுதான். இராணுவம் போருக்குப் பிறகு சவூதியில் நூற்றுக்கு 80, இஸ்ரேலில் 50 என்றது. பின்னர் 70, 40 என்று இறக்கியது. வெடிதலை அழிந்ததற்கு வலுவான சான்று உள்ளவை நூற்றுக்கு 9 அளவுதான் என்று அமெரிக்கப் பாராளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 1992 இல் எழுதியது. காரணம் விளங்கக்கூடியது. அன்றைய பேட்ரியட் விமானத்துக்கு அருகே வெடித்துச் சன்னம் தூவும். இரண்டும் எதிரெதிரே பாயும் வேகத்தில் வெடிப்பு ஒரு கணம் பிந்தினாலும் சன்னம் வாலில்தான் படும். வால் உடைந்த வெடிதலை அப்படியே கீழே வரும். ஒரு ஸ்கட்டுக்குச் சராசரி மூன்றுக்கு மேல் எதிர் ஏவுகணை செலவானது. பின்னர் வந்த பேட்ரியட்டின் பக்-3 வகை நேரே போய் மோதுவதாக மாற்றப்பட்டது இதனால்தான்.

மாற்றத்தோடு பிழையும் மறுபக்கம் சாய்ந்தது. 2003 மார்ச் 23 ஈராக் படையெடுப்பில் பேட்ரியட் அணி ஒன்று பிரித்தானிய டொர்னாடோ விமானத்தை எதிரி ஏவுகணை என்று எடுத்து விழுத்தியது, இருவர் இறந்தனர். பத்து நாளுக்குள் அமெரிக்காவின் சொந்த எப்.ஏ-18 போர்விமானம் ஒன்றும் போனது. 1991 இல் இருந்ததைக் காணாத கருவி, 2003 இல் இல்லாததைக் கண்டது. இரண்டிலும் இருந்தவர்கள் திரையை நம்பினார்கள்.

2020 ஜனவரி 8 ஈரான் ஈராக்கின் அல் அசாத் தளத்தின் மேல் 11 ஏவுகணைகளைப் போட்டது. இவை ஸ்கட் மாதிரி அல்ல, குறித்த கட்டடங்களையே அடித்தன. இருந்தும் ஒருவரும் இறக்கவில்லை. முன்கூட்டியே தெரிந்து ஆட்களைக் கலைத்தார்கள், மிஞ்சியவர்களில் பலர் சதாம் காலத்துப் பதுங்குகுழிகளுக்குள் இருந்தார்கள். முதலில் ஒருவருக்கும் சேதமில்லை என்ற அறிவித்தல். பிறகு மூளை அதிர்ச்சிக் காயம் என்று பதிவானவர்கள் 110 பேரளவில். தலையிடி, தலைச்சுற்று, வெளிச்சம் பட்டால் கண்கூச்சம், நித்திரையின்மை: இவை சில நாள் கழித்தும் தலைகாட்டலாம். வெடி அதிர்வுக்குக் கிட்ட இருந்தவர் இரத்தம் வராவிட்டாலும் வைத்தியரிடம் போக வேண்டும்.

2025 ஜூன் 23 கட்டாரின் அல் உதெய்த் தளத்தை நோக்கி ஈரான் ஏவியபோது தோகாவில் பலர் பல்கனியில் நின்று போனில் படம் பிடித்தார்கள். இங்கிருந்து அங்கே போய் வேலை செய்பவர்கள் நிறைய, அவர்களுக்காக இதை எழுதிவிடலாம். மறிக்கப்பட்ட ஏவுகணையும் கீழேதான் விழும், பல நூறு கிலோகிராம் இரும்பாக. சைரன் கேட்டதும் கண்ணாடிக்கு விலகி, வெளிச்சுவர் இல்லாத உள்ளறைக்கோ கீழ்த்தள மாடிப்படிக்கட்டுக்கோ போங்கள். மேல் தளமும் லிப்டும் வேண்டாம். சத்தம் நின்ற பிறகும் பத்து நிமிடம் உள்ளேயே இருங்கள், உயரத்தில் உடைந்தவை பிந்தித்தான் வரும். வீட்டுக்குக் கதைக்க அழைப்பை விடக் குறுஞ்செய்தி கெதியாகப் போகும். விழுந்த துண்டைத் தொடக்கூடாது. திரவ எரிபொருள் ஏவுகணையின் தாங்கியில் நைத்திரிக் அமில வகை மிஞ்சியிருக்கலாம். அதிலிருந்து மஞ்சள் கலந்த மண்ணிறப் புகை எழுந்தால் காற்று வரும் பக்கமாக விலகி நடக்க வேண்டும். சுவாசித்தவருக்கு அப்போது ஒன்றும் தெரியாவிட்டாலும் சில மணித்தியாலம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம், அதனால் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.